குழாயில் தெரிந்த நிறம், திரையில் தெரியும் எண்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் செவிலியர் பயிற்சியிலோ ஆய்வக நுட்பநர் பயிற்சியிலோ சேர்ந்த பெண் முதலில் கைப்பழக்கமாக்கிக்கொண்ட வேலைகளில் ஒன்று பென்டிக்ட் சோதனை. சோதனைக் குழாயில் 5 மில்லி நீலக் கரைசல், அதில் 8 சொட்டுச் சிறுநீர். குழாயை மரப் பிடியால் பிடித்து, சற்றே சாய்த்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் இரண்டு நிமிடம் கொதிக்க விட வேண்டும். லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் திரவம் குபீரென்று வெளியே பாயும். குழாயின் வாய் யாருடைய முகத்தையும் பார்க்கக் கூடாது. ஆறியதும் நிறம் பார்ப்பார்கள். நீலம் அப்படியே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் சுமார் 1 சதவீதம். செங்கல் சிவப்பு என்றால் 2 சதவீதமோ அதற்கு மேலோ. வார்டு நோட்டில் நிறத்தின் பெயரே எழுதப்பட்டது. இன்சுலின் எத்தனை யூனிட் என்பதும் பல இடங்களில் அந்த நிறத்தை வைத்தே முடிவாயிற்று.

இன்று அதே பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கு குளுக்கோமீட்டர் புதிதல்ல. வீட்டில் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ அதைப் போட்டுப் பார்த்துப் பழகித்தான் வருகிறாள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு மைக்ரோ லிட்டர்கூடத் தேவைப்படாத இரத்தம், ஐந்து விநாடி, திரையில் ஓர் எண்.

இரண்டுமே வேதியியல்தான். பென்டிக்ட் கரைசலின் நீலம் தாமிரத்தால் வருவது. சர்க்கரை தன் எலெக்ட்ரான்களைத் தாமிரத்துக்குக் கொடுக்கிறது. தாமிரம் சிவப்பு ஆக்ஸைடாகி அடியில் படிகிறது. நீலமும் புதிதாக வந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்குத் தெரிவதே அந்தப் பச்சை. மீட்டரின் பட்டையிலும் சர்க்கரை எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அங்கே வாங்கிக்கொள்ள ஒரு நொதி காத்திருக்கிறது. கடந்துபோகும் மின்னோட்டத்தை அளந்து கருவி எண்ணாக்கித் தருகிறது. பழைய குழாயில் நடந்ததைவிட நுட்பமான நிகழ்ச்சி இது. ஆனால் நகத்தின் அகலமே உள்ள ஒரு பட்டைக்குள் நடப்பதால், அப்படி ஒன்று நடக்கிறது என்பதே மாணவிக்குத் தெரிவதில்லை.

பென்டிக்ட் சோதனை போனதற்காக நோயாளிகள் யாரும் வருந்த வேண்டியதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் அது தெரியும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் குழாய் நீலமாகவே நிற்கும். சர்க்கரை அபாயமாகக் குறைந்துபோனவருக்கும், நலமாக இருப்பவருக்கும் அதே நீலம்தான். பாலூட்டும் தாயின் சிறுநீரில் பால் சர்க்கரை கலந்து வந்தாலும் நிறம் மாறும். நீரிழிவு இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டிவிடும். மீட்டர் அந்தத் தவறுகளைச் செய்வதில்லை. நான் வருந்துவது குழாயின் இன்னொரு வேலைக்காக. அது நோயைக் காட்டியதோடு, உடலுக்குள் நடப்பது வேதியியல் என்பதையும் முதலாண்டு மாணவிக்குக் கண்ணெதிரே காட்டியது. அந்த வேலையைச் செய்ய இன்று வேறொன்றை நாம் வைக்கவில்லை.

*

இந்தப் பாடங்களின் வாசலுக்கு அன்று வந்து சேர்ந்தவர்கள் குறைவு. முத்துலட்சுமி ரெட்டி படித்த காலத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களுக்கான கல்லூரி; அதில் அவர் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவரானார். அதற்குப் பிறகும் நெடுங்காலம், பள்ளியிறுதி முடித்தவர்களில் பி.யு.சி. படிக்கக் கல்லூரி உள்ள ஊருக்குப் போக முடிந்தவர்களே உயிரியலையும் வேதியியலையும் ஆய்வகத்தோடு படித்தார்கள். 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. கல்லூரியில் இருந்த தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும் மேல்நிலைப் பள்ளிக்கு இறங்கி வந்தன. சிற்றூர்ப் பள்ளியின் ஒரு வகுப்பறைக்குக் கடப்பைக் கல் மேடையும் தண்ணீர்க் குழாயும் போட்டு ஆய்வகம் என்று பலகை மாட்டினார்கள். நான் அப்படி ஓர் அறையில் படித்தவன். கிப் கருவியிலிருந்து வந்த ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் பக்கத்து வகுப்பு வரை போகும். 20 மில்லி பிப்பெட்டை வாயில் வைத்துத்தான் உறிஞ்சினோம். பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழ, கூம்புக் குடுவையில் வந்து வந்து மறைந்த இளஞ்சிவப்பு ஒரு சொட்டில் மறையாமல் நின்றுவிடும். அந்தச் சொட்டுக்காகக் காத்திருப்பதுதான் பாடம். அடுத்தவர் ரீடிங்கைப் பார்த்து எழுதியவர்கள் அன்றும் உண்டு. அக்காலத்து மாணவர் எல்லாரும் கைதேர்ந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் குடுவையைத் தொடாமல் யாரும் வெளியே போகவில்லை.

இன்று வாசல் அகலம். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் இராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட 11 இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன; அவற்றில் மட்டும் 1,450 இடங்கள். செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வக நுட்பம், டயாலிசிஸ் நுட்பம் என்று படிப்புகளின் பெயர்களே ஒரு பக்கத்தை அடைக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்கள் முதலாண்டு வகுப்பில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இழந்தவற்றைப் பற்றி எதை எழுதினாலும் இந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

*

இரத்தப் பரிசோதனை வகுப்பில் நடந்த மாற்றம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

சிவப்பணுவை எண்ணுவதற்கென்று ஒரு பிப்பெட் உண்டு. அதன் நடுவிலிருக்கும் குமிழுக்குள் ஒரு சிவப்பு மணி கிடக்கும். வெள்ளையணுப் பிப்பெட்டுக்கு வெள்ளை மணி. ரப்பர் குழாயின் முனையைப் பல்லிடுக்கில் பிடித்து, இரத்தத்தை 0.5 என்ற கோடு வரை உறிஞ்சி, நுனியைத் துடைத்துவிட்டு, பிறகு ஹேயம் திரவத்தை 101 வரை உறிஞ்ச வேண்டும். அந்தத் திரவத்தில் பாதரச உப்பு உண்டு. கொஞ்சம் வேகமாக உறிஞ்சினால் இரத்தமும் நஞ்சும் சேர்ந்து வாய்க்கு வரும். குலுக்கி, முதல் சில சொட்டுகளை விட்டுவிட்டு, அடுத்த சொட்டை நியூபவர் கண்ணாடியில் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் 80 சிறு கட்டங்களில் உள்ள அணுக்களை எண்ணுவார்கள். கட்டத்தின் இரண்டு ஓரங்களைத் தொடும் அணுக்கள் கணக்கில் சேரும்; மற்ற இரண்டு ஓரங்களில் இருப்பவை சேரா. எண்ணிய தொகையை 10,000ஆல் பெருக்க வேண்டும். 500 எண்ணினால் ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சம். ஓர் அணுவை விட்டால் கணக்கில் பத்தாயிரம் போயிற்று. இதை ஒருமுறை செய்த மாணவிக்கு 'ஆர்பிசி 50 லட்சம்' என்பது அறிக்கையில் உள்ள ஒரு வரி அல்ல. கண் வலிக்க எண்ணிய எண்.

ஹீமோகுளோபினுக்கு சாலி முறை. அளவுக் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் 0.02 மில்லி இரத்தம். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரத்தம் பழுப்பானதும், பக்கத்திலிருக்கும் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும் வரை வாலை வடிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். ஒருவர் 10 என்பார். அதே குழாயைப் பார்த்து அடுத்தவர் 11 என்பார்.

இந்த வகுப்பில் ஓர் ஊசி மேசை மேசையாகச் சுற்றி வந்தது. ஒவ்வொரு விரலையும் குத்திய பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுத்தவரிடம் கொடுப்பார்கள். அதில் யாருக்கும் பயம் இருக்கவில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில் சில, வேலூரில் சோதிக்கப்பட்டபோது எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டின. இந்தியாவில் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அதன் பிறகு ஊசியைச் சுற்றுக்கு விட யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு லான்செட் வந்தது, கையுறை வந்தது, வாயால் உறிஞ்சுவது படிப்படியாக நின்றது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து அடுக்கப் பழகிய கைகள், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவுத் தொட்டிகளின் நிறத்தைப் பழகிக்கொண்டன. இன்றைய மாணவி முதல் மாதத்திலேயே, பயன்படுத்திய ஊசி வெள்ளைப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எங்கள் தலைமுறைக்கு அந்த விழிப்பு இருக்கவில்லை. உயிர் காக்கும் விழிப்பு அது. பழைய ஆய்வகத்தின் எந்த அழகும் அதற்கு ஈடாகாது.

எண்ணும் வேலையையும் தானியங்கிக் கருவி எடுத்துக்கொண்டது. ஒரு நிமிடத்தில் இருபது அளவுகளை அச்சடித்துத் தருகிறது. நாங்கள் சில நூறு அணுக்களைப் பார்த்துச் சொன்னதை, அது ஆயிரக்கணக்கில் எண்ணிச் சொல்கிறது.

*

தவளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலங்கியல் ஆய்வகத்தில் குளோரோஃபார்ம் ஜாடியிலிருந்து எடுத்த தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கால்களில் ஊசி குத்துவார்கள். வயிற்றின் நட்டநடுவில் ஒரு சிரை ஓடும். அதை வெட்டிவிட்டால் தட்டு முழுக்க இரத்தமாகி எதுவும் தெரியாது. அதனால் சற்றுத் தள்ளியே கத்தரிக்கோலை ஓட்டச் சொல்வார் ஆசிரியர். திறந்ததும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். மூன்று அறைகள் என்று புத்தகத்தில் படித்தது அங்கே அசைந்துகொண்டிருக்கும். இதயம் மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தானே துடிப்பது என்பதை, அதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மருத்துவமனையில் 'ஆர்.எல்.' என்று சொல்லி ஏற்றும் பாட்டிலுக்கும் தவளைக்கும் உறவு உண்டு. 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்தார். வாலை வடிநீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைசல் செய்தபோது இதயம் நன்றாகத் துடித்தது. வாலை வடிநீரில் செய்தபோது துடிப்பு விரைவில் ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்தது. இதயம் சுருங்கக் கால்சியம் வேண்டும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. பின்னர் 1930களில் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அதில் லாக்டேட்டைச் சேர்க்க, ரிங்கர் லாக்டேட் பிறந்தது. உயிரியலும் வேதியியலும் இவ்வளவு நெருக்கமாகக் கைகோத்த கதை வேறு அதிகம் இல்லை. முதலாண்டில் இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இப்போது தவளையை அறுப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது; 2014இல் இளநிலை, முதுநிலை விலங்கியல் வகுப்புகளில் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டது. பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் தவளை இன்னும் இருக்கிறது, படமாக. திரையில் தோலை விலக்கலாம், இதயத்தைச் சுழற்றலாம், தவறு செய்தால் மறுபடி தொடங்கலாம். வயலில் பூச்சி தின்று வாழ வேண்டிய உயிர்களை வகுப்புக்கு வகுப்பு கொன்றது நின்றதே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். செவிலியராகப் போகிறவள் தவளையை அறுத்துத்தான் இதயத்தை அறிய வேண்டும் என்பதில்லை. ஒரு தோழியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கலாம். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி மறுபடி பார்க்கலாம். அதற்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பதே என் குறை.

*

புத்தகம் தடித்திருக்கிறது, சரியாகவும் ஆகியிருக்கிறது. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று ஒரு தலைமுறை படித்தது. 1956இல் அது 46 என்று திருந்தியது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 38 ஏடிபி கிடைக்கும் என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம். இன்றைய உயிர்வேதியியல் 30 முதல் 32 என்கிறது. ரைபோசோம் எங்களுக்குப் படத்தில் ஒரு புள்ளி. அதன் உருவத்தை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கும் வேறு இருவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் உறுப்பைப் பற்றிய கண்டுபிடிப்பு, பரிசோ வேதியியலுக்கு. இரு பாடங்களுக்கும் நடுவே நாங்கள் பார்த்த சுவர் அங்கே இல்லை.

தேர்வும் மாறிற்று. 1984 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300. 2007இல் அது போய், பிளஸ் டூ மதிப்பெண்ணே 200க்குக் கணக்கிடப்பட்டது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. 2017இல் நீட் வந்தது: 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் பாதி உயிரியல், கால் பங்கு வேதியியல். 180 நிமிடத்தில் 180 கேள்வி என்பதால் ஒன்றுக்கு ஒரு நிமிடம். தவறினால் ஒரு மதிப்பெண் கழியும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்திராவிட்டால், சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். பழைய 200 மதிப்பெண் தாளில் 50 செய்முறைக்கு இருந்தது. நீட்டில் செய்முறைக்கென்று ஒரு மதிப்பெண்ணும் இல்லை. செவிலியப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே பார்க்கப்பட்டு வந்தாலும், மருத்துவத்துக்கு முயன்று கிடைக்காமல் அங்கே வரும் பிள்ளைகள் ஏராளம். இரண்டு ஆண்டும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகியவர்கள் அவர்கள். செயல்முறை வகுப்பில் நிற்க வைத்தால், "எவ்வளவு வரணும் சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குறை அவர்களுடையதல்ல. அவர்களை நாம் அப்படித்தான் பழக்கினோம்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். வார்டில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் இருக்கும்: 15 சதவீதக் கரைசல், 10 மில்லி. அதாவது ஒன்றரை கிராம் உப்பு. பெரிய பாட்டிலில் கலந்து, மெதுவாக ஏற்றினால் அது மருந்து. ஆம்பூலை உடைத்து அப்படியே சிரையில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். மருந்து ஒன்றே, வேறுபடுவது செறிவும் வேகமும். சதவீதம் என்பது என்ன, நீர்த்தல் என்பது என்ன என்று கையால் செய்து உணர்ந்தவளுக்கு இந்த எச்சரிக்கை உடம்பில் பதிந்திருக்கும். மனப்பாடம் செய்தவளுக்கு, அலுப்பும் அவசரமும் சேர்ந்த இரவுப் பணியில் அது நினைவுக்கு வர வேண்டும்.

அந்த உணர்வைக் கொடுத்த எளிய சோதனை ஒன்று எங்கள் தாவரவியல் வகுப்பில் இருந்தது. உருளைக்கிழங்கின் தோலைச் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவில் குழி தோண்டி, கெட்டியான சர்க்கரைக் கரைசலை ஊற்றுவோம். மட்டம் எதுவரை என்று காட்டக் கிழங்கின் சுவரில் ஒரு குண்டூசி. அதைத் தண்ணீர் உள்ள பீக்கரில் வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். திரும்பி வந்து பார்த்தால் கரைசல் குண்டூசிக்கு மேலே ஏறியிருக்கும். தண்ணீர் தானாகக் கிழங்கின் சுவரைக் கடந்து சர்க்கரையைத் தேடி வந்திருக்கிறது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கணக்கும் இதுவே. குடலின் செல்லுக்குள் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே நுழைகின்றன. தண்ணீர் அவற்றைத் தொடர்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது போங்கான் அகதி முகாமில், சிரை வழி ஏற்றச் சலைன் போதாமல் போக, திலீப் மகலாநபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். பழைய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு. 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை 13.5 கிராம், 2.6 கிராம் என்று குறைத்தது. கரைசலின் ஊடுபரவல் செறிவு 311இலிருந்து 245க்கு இறங்கியது. குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கின் அளவும் குறைந்தன. பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்காமல் ஒரு தம்ளரில் கலக்கிக் கொடுக்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அது ஏன் ஆபத்து என்று அந்தத் தாய்க்குப் புரியும்படி சொல்லப் போகிறவள் இந்த முதலாண்டு மாணவிதான். அதற்கு அவளுக்கே முதலில் புரிந்திருக்க வேண்டும்.

செவிலியக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துணை மருத்துவப் படிப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தவளையும் பாதரசத் திரவமும் வாயால் உறிஞ்சும் பிப்பெட்டும் திரும்பி வர வேண்டாம். ஒரு தராசு, உப்பு, சர்க்கரை, நாலு உருளைக்கிழங்கு, கொஞ்சம் பென்டிக்ட் கரைசல், சிறுநீருக்குப் பதிலாகக் குளுக்கோஸ் கலந்த தண்ணீர். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பெட்டி குளுக்கோமீட்டர் பட்டையின் விலையைத் தாண்டாது. முதலாண்டு கால அட்டவணையில் இதற்கு இரண்டு பிற்பகல்களை ஒதுக்குங்கள், 0.9 சதவீத உப்புக் கரைசலை ஒவ்வொரு மாணவியும் தன் கையால் நிறுத்துக் கலக்கட்டும்.